இரப்போரைத் தடுக்கலாமா? 1545ஆம் ஆண்டின் சலமாங்கா வழக்கும் கத்தோலிக்க ஈகை மரபும்

ஸ்பெயின் நாட்டுச் சலமாங்கா நகரில் 1545ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 30ஆம் நாள் ஒரு சிறு நூல் அச்சேறியது. இலத்தீனிலும் காஸ்தில் மொழியிலுமாக வெளிவந்த அந்நூலின் ஆசிரியர், சலமாங்காப் பல்கலைக்கழகத்தில் இறையியல் கற்பித்தவரும் புனித சாமிநாதர் சபைத் துறவியுமான தோமிங்கோ தே சோத்தோ. நூலின் பெயரைத் தமிழில் சொன்னால் 'ஏழையரின் வழக்குப் பற்றிய ஆய்வு' என்று அமையும். சரியாக ஏழு வாரங்கள் கழித்து, மார்ச் 20ஆம் நாள், அதே நகரில் அதற்கு மறுப்பாக மற்றொரு நூல் வெளிவந்தது. அதனை எழுதியவர் புனித ஆசீர்வாதப்பர் சபையைச் சேர்ந்த மடாதிபதி ஹுவான் தே ரோப்லெஸ். இருவரும் துறவியர், ஒரே திருச்சபையின் பிள்ளைகள், ஒரே நகரில் வாழ்ந்தவர்கள். ஒரே விவிலியத்தையும் ஒரே திருச்சபைத் தந்தையரையும் சான்று காட்டி, ஒரே கேள்விக்கு எதிரெதிரான விடை சொன்னார்கள். தெருவில் கைநீட்டி இரப்பவனை நகர ஆட்சி தடுக்கலாமா என்பதே அக்கேள்வி.

கத்தோலிக்க வாழ்வில் ஈகை என்பதைப் பேசப் புகுவோர் பெரும்பாலும் தவக்காலத்தின் மூன்று ஒழுக்கங்களிலிருந்து தொடங்குவர். செபம், நோன்பு, தருமம் என்னும் வரிசை எல்லாருக்கும் தெரிந்ததே. நாம் அவ்வழியில் செல்லாமல் இந்த வழக்கிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. ஈதல் நல்லது என்பதில் எக்காலத்தும் கருத்து வேற்றுமை இருந்ததில்லை. யாருக்கு ஈவது, எதைக் கேட்டறிந்து ஈவது, ஈயப்படும் பொருள் உண்மையில் யாருடையது என்னும் இடங்களில்தான் அந்த மரபு தன்னைத்தானே சோதித்துக்கொண்டது. அந்தச் சோதனை இவ்வளவு வெளிப்படையாக நிகழ்ந்த இடம் வேறொன்றை நாம் அறியோம்.

முதலில் சொற்களைச் சிறிது பார்ப்போம். மொழி மாணவர்க்கு இது பயன்படும். எபிரேய மொழியில் 'செதாக்கா' என்பது நேர்மை, நீதி என்னும் பொருள் தரும் சொல். காலப்போக்கில் அதுவே ஏழைக்குக் கொடுப்பதையும் குறிக்கலாயிற்று. நாம் மலாய் மொழியில் அன்றாடம் கேட்கும் 'செடெகா' என்ற சொல் அரபு வழியாக வந்தது. அதுவும் இதே செமித்தியச் சொற்குடும்பத்தைச் சேர்ந்ததே. தானியேல் நூலில் வரும் இவ்வேருக்குரிய சொல்லைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் 'எலேமோசினே' என்று எழுதினார்கள். அதன் அடிப்பொருள் இரக்கம். அக்கிரேக்கச் சொல்லே இலத்தீனில் நுழைந்து, காஸ்தில் மொழியில் 'லிமோஸ்னா' என்றும், போர்த்துகீசியத்தில் 'எஸ்மோலா' என்றும், ஆங்கிலத்தில் 'ஆம்ஸ்' என்றும் தேய்ந்தது. ஆகவே ஐரோப்பியக் கத்தோலிக்கர் ஈகைக்கு வழங்கிய சொல் இரக்கத்தின் வழிவந்தது. அதற்கு முந்திய எபிரேயச் சொல்லோ நீதியின் வழிவந்தது. கொடுப்பவன் மனம் கசிந்து கொடுக்கிறானா, கொடுக்க வேண்டிய கடனைத் தீர்க்கிறானா என்னும் ஐயம் சொல்லின் பிறப்பிலேயே இருக்கிறது.

தமிழ் இவ்விடத்தில் எபிரேயத்தோடு சேர்ந்து நிற்கிறது. அறம் என்றால் ஒழுக்கமும் ஆகும், கொடையும் ஆகும். அறச்சாலை என்னும் சொல்லே அதற்குச் சான்று. கோயில் வாயிலில் "தருமம் பண்ணுங்கள் ஐயா" என்று கேட்பவர், தம்மை அறியாமலேயே நீதியின் பெயரைச் சொல்லித்தான் கேட்கிறார். கத்தோலிக்கர் பயன்படுத்தும் தமிழ் விவிலியத்தில் மலைப்பொழிவின் அப்பகுதி 'தர்மம்' என்னும் சொல்லையே ஆள்கிறது. வலக்கை செய்வதை இடக்கை அறியாதிருக்க வேண்டும் என்ற போதனை அங்கேதான் வருகிறது. இன்னொன்றும் குறிக்கத்தக்கது. இரத்தல், இரங்கல் என்னும் இரு சொற்களும் நம் மொழியில் ஒலியளவில் அருகருகே நிற்கின்றன. சோத்தோ தமிழ் அறிந்திருந்தால் இதனை விட்டிருக்கமாட்டார். ஏனெனில் இரப்பவன் கண்முன் வந்து நின்றால்தான் இரக்கம் பிறக்கும் என்பது அவர் வாதத்தின் நடுநாடி.

திருச்சபையின் முதல் நூற்றாண்டுகளில் இரண்டு குரல்கள் கேட்கின்றன. நான்காம் நூற்றாண்டில் செசரியாவின் ஆயர் பசிலியார், பஞ்ச காலத்தில் களஞ்சியங்களைப் பூட்டிவைத்திருந்த செல்வரை நோக்கி, அவர்கள் வைத்திருக்கும் உணவு பசித்தவனுடையது, பெட்டியில் உள்ள ஆடை ஆடையற்றவனுடையது என்று கடிந்துரைத்தார். இப்பார்வையில் ஈகை கொடையன்று. உரியவனுக்கு உரியதைத் திருப்பித் தருதல். அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்தியோக்கியாவில் மறையுரை ஆற்றிய கிறிசோஸ்தோம், ஈவோனைத் துறைமுகத்துக்கு ஒப்பிட்டார். கப்பல் உடைந்து கரையேறுபவன் நல்லவனா தீயவனா என்று துறைமுகம் கேட்பதில்லை. அதுபோல வறுமையில் வீழ்ந்தவனின் ஒழுக்கத்தை விசாரிப்பது ஈவோனின் வேலையன்று என்பது அவர் கருத்து.

மறுபுறம் மிலான் நகர ஆயர் அம்புரோஸ் இருக்கிறார். சிறைப்பட்டோரை மீட்பதற்காகத் திருக்கோயிலின் பொற்பாத்திரங்களையே உருக்கியவர் அவர். கைச்சுருக்கம் உடையவர் என்று எவரும் சொல்ல முடியாது. எனினும் திருப்பணியாளரின் கடமைகளைப் பற்றிய நூலில், உடல்வலிமை உள்ளோர் ஊர் சுற்றுவதையே தொழிலாகக் கொண்டு வந்து கேட்பதைக் குறிப்பிட்டு, அவர்களுக்கே எல்லாம் போய்விட்டால் மெய்யான ஏழைக்கு மிஞ்சாது, அளவறிந்து கொடுங்கள் என்று எழுதினார். ஏறத்தாழ 1140இல் கிராசியான் தொகுத்த திருச்சபைச் சட்டத் தொகுப்பில் இவ்விரு வகைக் கூற்றுகளும் இடம்பெற்றன. அதன்பின் உரையாசிரியர்கள் அவற்றை ஒத்திசைக்கப் பெரிதும் பாடுபட்டார்கள். நம் இலக்கண உரையாசிரியர்கள் முரண்பட்ட இரு நூற்பாக்களை இணைக்கப் படும் பாட்டை அறிந்தோர்க்கு இக்காட்சி புதிதன்று.

ஈகையின் ஆன்மிகப் பொருள் பற்றியும் ஒரு சொல் இங்கே வேண்டும். மூன்றாம் நூற்றாண்டில் கார்த்தேஜின் ஆயர் சிப்பிரியான் இதற்கெனவே ஒரு நூல் எழுதி, திருமுழுக்குக்குப்பின் செய்த பாவங்களுக்கு ஈகை மருந்தாகும் என்று வற்புறுத்தினார். அகுஸ்தீனார், ஏழையரைச் சுமைதூக்கிகள் என்றார்: செல்வன் தன் பொருளை அவர்கள் தோளில் ஏற்றினால் அவர்கள் அதை விண்ணகத்துக்குக் கொண்டு சேர்ப்பார்களாம். உவமை அழகானது. ஆயினும் அதில் ஓர் ஆபத்து உண்டு. சுமைதூக்கி எப்போதும் சுமைதூக்கியாகவே இருக்க வேண்டும் என்று சுமையின் சொந்தக்காரன் விரும்பத் தொடங்கினால் என்ன ஆவது? அகுஸ்தீனாரே இதனை உணர்ந்திருந்தார். நாம் இரக்கச் செயல் புரிவதற்காக உலகில் துன்புறுவோர் இருக்க வேண்டும் என்று விரும்பலாகாது. பசித்தவனே இல்லாதிருத்தல் பசித்தவனுக்கு உணவிடுவதிலும் மேலானது என்று யோவானின் திருமுகத்துக்கு எழுதிய விளக்கத்தில் அவர் சொல்கிறார்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் தோமா அக்குவினா இவற்றையெல்லாம் ஒழுங்குபடுத்தினார். ஈகை என்பது அன்பு என்னும் நற்பண்பிலிருந்து இரக்கத்தின் வழியாகப் பிறக்கும் செயல். உடல்சார்ந்த இரக்கச் செயல்கள் ஏழு, ஆன்மா சார்ந்தவை ஏழு. தன் தேவைக்கு மிஞ்சியதை மெய்யான தேவையில் இருப்பவனுக்குக் கொடுப்பது விருப்பமன்று, கட்டளை. உயிர்போகும் நிலையில் உள்ளவன் பிறர் பொருளை எடுத்துக்கொண்டால் அது களவாகாது என்றும் அவர் எழுதினார். பசிலியாரின் உணர்ச்சி இங்கே சட்டத்தின் மொழியைப் பெறுகிறது.

பதினாறாம் நூற்றாண்டு பிறந்தபோது ஐரோப்பிய நகரங்களின் நிலை மாறிவிட்டது. விளைச்சல் பொய்த்த ஆண்டுகளில் நாட்டுப்புற மக்கள் கூட்டங்கூட்டமாக நகரங்களுக்கு வந்தனர். நியூரம்பர்க் நகரம் 1522இலும், பிளாண்டர்ஸ் நாட்டு ஈப்ர் நகரம் 1525இலும் புதிய ஒழுங்குகளை இயற்றின. ஏழையரைக் கணக்கெடுப்பது, பொதுப் பணப்பெட்டி ஒன்றை வைப்பது, தெருவில் இரப்பதைத் தடுப்பது என்பன அவற்றின் சாரம். 1526இல் புரூஜ் நகரில் ஹுவான் லூயிஸ் விவேஸ் என்னும் அறிஞர், ஏழையர்க்கு உதவுவது குறித்து ஒரு நூல் எழுதி அந்நகரத் தலைவர்களுக்குப் படைத்தார். நகரம் ஒரு வீடு போன்றது. வீட்டின் ஒரு மூலையில் ஒருவன் பசித்திருக்க வீட்டுத் தலைவன் அறியாதிருத்தல் தகாது. யார் யார் எங்கே எவ்வாறு வறுமையுற்றார்கள் என்று கேட்டறிந்து, இயன்றவர்க்குத் தொழிலும் இயலாதவர்க்கு உணவும் தர வேண்டும் என்பது அவர் திட்டம்.

விவேஸ் பற்றி ஒன்று சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. அவர் ஸ்பெயினின் வலென்சியாவில், கிறித்தவத்துக்கு மாறிய யூதக் குடும்பத்தில் பிறந்தவர். இளமையிலேயே தாய்நாட்டை விட்டுச் சென்றவர் திரும்பவேயில்லை. அந்நூலை அவர் வெளியிடுவதற்கு இரண்டாண்டுகளுக்கு முன், 1524இல், அவருடைய தந்தையைச் சமய விசாரணை மன்றம் குற்றவாளியாகத் தீர்த்து எரித்தது. விசாரணை என்பது என்ன செய்ய வல்லது என்பதை அவரினும் நன்கறிந்தவர் இருக்க முடியாது. ஆயினும் ஏழையரின் நலனுக்காகவே நகரம் அவர்களை விசாரித்தறிய வேண்டும் என்று அவர் எழுதினார். இதனை முரண் என்று கொள்வதா, அன்புள்ள விசாரணை ஒன்று இருக்க முடியும் என்ற நம்பிக்கை என்று கொள்வதா என்பதை மாணவர்களின் சிந்தனைக்கு விடுகிறோம்.

ஈப்ர் நகரின் ஒழுங்கை இரந்துண்ணும் துறவியர் எதிர்த்தனர். வழக்கு பாரிஸ் இறையியல் அறிஞர்களிடம் சென்றது. அவர்கள் 1531இல் அத்திட்டத்தை ஏற்றுக்கொண்டனர். ஆனால் திருச்சபைச் சொத்தில் கைவைக்கலாகாது என்பது போன்ற நிபந்தனைகளை விதித்தனர். அவ்வாண்டே பேரரசர் ஐந்தாம் சார்லஸ் நெதர்லாந்துப் பகுதிகளுக்கு இரத்தலைத் தடுக்கும் ஆணையைப் பிறப்பித்தார். காஸ்தில் நாட்டுக்கு 1540இல் ஒரு சட்டம் வந்தது. அதன்படி இரப்பவன் முதலில் மெய்யான ஏழைதானா என்று சோதிக்கப்பட வேண்டும்; தன் பிறந்த ஊரையும் அதைச் சுற்றிய சில காவதத் தொலைவையும் தாண்டி இரக்கக்கூடாது; பங்குக் குருவிடம் சீட்டுப் பெற வேண்டும்; அதற்குமுன் பாவசங்கீர்த்தனம் செய்திருக்க வேண்டும். சந்தியாகப்பரின் திருத்தலத்துக்கு நடந்து செல்லும் திருப்பயணிகளும் பாதையை விட்டு நெடுந்தூரம் விலகி இரக்கலாகாது. பல்கலைக்கழக மாணவர்கள் இரக்க விரும்பினால் தங்கள் தலைவரிடம் உரிமம் பெற வேண்டும் என்றும் அதில் விதி இருந்தது. அந்நாளில் சலமாங்கா மாணவர் பலர் உணவுக்கு இவ்வழியையே நம்பியிருந்தனர் என்பதை இக்கால மாணவர்கள் நினைத்துப் பார்க்கலாம்.

சமோரா என்னும் நகரம் சட்டத்தையும் தாண்டிச் சென்றது. அங்கே தெருவில் இரத்தல் நிறுத்தப்பட்டு, பொதுவில் திரட்டிய பணத்தைக் கொண்டு ஏழையர் வீடுகளிலேயே பேணப்பட்டனர். வெளியூர் ஏழையர்க்குச் சிறிது கொடுத்து அனுப்பிவிட்டனர். சலமாங்காவும் வல்யதோலிதும் அதைப் பின்பற்றின. சமோரா ஒழுங்கின் பின்னணியில் நின்றவர் ரோப்லெஸ். அதை எதிர்த்து எழுந்தவர் சோத்தோ.

சோத்தோவின் வாதம் அடுக்கடுக்காகச் செல்கிறது. குற்றம் செய்யாத ஒருவனை அவன் இருக்கும் ஊரிலிருந்து வெளியேற்ற எவருக்கும் உரிமை இல்லை, வறுமை குற்றமன்று. ஒரு நாடு ஓர் உடல். ஒரு பகுதியில் விளைவில்லாதபோது அப்பகுதி மக்கள் விளைந்த பகுதிக்குச் செல்வது இயற்கை. அவர்களை 'அயலார்' என்று சொல்வது உடலின் ஓர் உறுப்பு மற்றோர் உறுப்பை அயல் என்பது போன்றது. ஏழையின் தேவைகள் அனைத்தையும் நகரம் நிறைவேற்றினாலன்றி, இரக்கும் உரிமையை அவனிடமிருந்து பறிக்க முடியாது. அந்த உரிமை அவனிடம் எஞ்சியிருக்கும் கடைசி உடைமை. சோம்பேறியாக ஊர் சுற்றுபவனைத் தண்டிக்கலாம் என்பதை அவரும் ஒப்புக்கொள்கிறார். ஆனால் போலிகளைப் பிடிக்க விரிக்கும் வலையில் மெய்யான ஏழையர் சிக்குவார்களானால், போலிகளைப் பொறுத்துக்கொள்வதே நலம் என்கிறார்.

நம்மை மிகவும் நிறுத்தி வைப்பது அவருடைய மற்றொரு கேள்வி. செல்வர்கள் தங்கள் பொருளை எவ்வாறு ஈட்டினார்கள் என்று எவரும் வாயிலில் நின்று சோதிப்பதில்லை. ஒரு துண்டு அப்பத்துக்காக நிற்பவனிடம் மட்டும் ஏன் இவ்வளவு கடுமையான ஆய்வு? பாவசங்கீர்த்தனம் செய்தாயா என்று கேட்டுத்தான் உணவிட வேண்டுமென்றால் அது இரக்கமா, தீர்ப்பா? ஈவோன் நீதிபதியல்லன் என்பதே அவர் விடை. கிறிசோஸ்தோமின் துறைமுகம் இங்கே மீண்டும் தெரிகிறது. இன்னும் ஒன்று. ஏழையரை வீட்டுக்குள் அடைத்து, அவர்கள் பெயரால் ஓர் அலுவலர் பணம் திரட்ட வந்தால், மக்கள் நாளடைவில் கொடுப்பதை நிறுத்திவிடுவார்கள் என்று அவர் அஞ்சினார். புண்ணும் கந்தலும் கண்ணில் படும்போது இளகும் நெஞ்சு, கணக்கேட்டைக் கண்டு இளகுவதில்லை.

இனி ரோப்லெஸைக் கேட்போம். அவரை ஏழையரின் பகைவர் என்று எண்ணுவது பெரும் பிழை. அவர் நேரில் பார்த்ததை வைத்துப் பேசுகிறார். தெருவில் யாருக்குக் கிடைக்கிறது? உரத்த குரல் உள்ளவனுக்கு. புண்ணைக் காட்டத் தெரிந்தவனுக்கு. எழுந்து நடக்க முடியாத நோயாளிக்குக் கிடைப்பதில்லை. முன்பு வாழ்ந்து கெட்டு, கேட்க நாணி, கதவை அடைத்துக்கொண்டு பசித்திருக்கும் குடும்பத்துக்குக் கிடைப்பதில்லை. ஸ்பானியர் இத்தகையோரை நாணமுடைய ஏழையர் என்று தனிப்பெயரிட்டு அழைத்தனர். தெருவிலேயே வளரும் பிள்ளைகள் தொழிலும் கற்பதில்லை, மறைக்கல்வியும் பெறுவதில்லை. இரக்கத்தின் நோக்கம் துன்பத்தைத் தீர்ப்பதானால், துன்பம் கண்ணுக்குத் தெரியாமல் போவது அந்த நோக்கத்தின் நிறைவேயன்றி இழப்பாகாது. செல்வனின் நெஞ்சு இளகுவதற்காக ஏழை தெருவில் கிடக்க வேண்டுமா? இவ்விடத்தில் ரோப்லெஸின் வாதம், முன்னர் நாம் கண்ட அகுஸ்தீனாரின் எச்சரிக்கையோடு ஒட்டி நிற்கிறது.

இருவரும் எங்கே நின்று பேசினார்கள் என்பதையும் கருத வேண்டும். சோத்தோவின் சபை இரந்துண்ணும் சபை. இரத்தலே இழிவு என்று நகரங்கள் தீர்மானித்தால் அசிசியின் பிரான்சிசும் சாமிநாதரும் வகுத்த வாழ்க்கை முறைக்கே மாசு வரும். ரோப்லெஸின் சபையோ நிலமும் வருவாயும் உடையது. ஆயினும் இதைக் கொண்டு அவர்கள் வாதங்களைத் தள்ளிவிட நாம் விரும்பவில்லை. சோத்தோ செகோவியாவின் எளிய குடும்பத்தில் பிறந்தவர். ஏழையின் பக்கம் அவர் பேசியபோது சபையின் நலனை மட்டும் எண்ணிப் பேசினார் என்பது பொருந்தாது.

தமிழ் மாணவர்க்கு இந்த வழக்கின் வடிவம் அறிமுகமானதே. திருக்குறளில் ஈகையும் ஒப்புரவறிதலும் அறத்துப்பாலில் அமைய, பொருட்பாலின் இறுதியில் இரவு, இரவச்சம் என்னும் இரு அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. முன்னது, தகுந்தாரைக் கண்டால் இரக்கலாம் என்று இரவலனுக்காகப் பேசுகிறது. பின்னது, இரந்துதான் வாழ வேண்டுமென்ற நிலை இருக்குமானால் உலகை இயற்றியவனையே சபிக்கும் அளவுக்குச் செல்கிறது. முதலதிகாரத்தைச் சோத்தோவும் அடுத்ததை ரோப்லெஸும் தமதென்று கொண்டாடியிருப்பார்கள். வள்ளுவர் இரண்டையும் வைத்து, எது முடிந்த முடிபு என்று சொல்லாமல் சென்றார். கத்தோலிக்கத் துறவியான வீரமாமுனிவர் 1730இல் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தபோது இவ்விரு அதிகாரங்களும் ஐரோப்பிய மொழியொன்றை அடைந்தன. சோத்தோவும் ரோப்லெஸும் மறைந்து ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டிருந்தது.

வழக்கு எவ்வாறு முடிந்தது? நூல் வெளிவந்த அவ்வாண்டே சோத்தோ பேரரசரின் இறையியலாராகத் திரெந்துப் பொதுச்சங்கத்துக்குப் புறப்பட்டுவிட்டார். 1554இல் ஸ்பெயினில் ஒரு சிறு புதினம் ஆசிரியர் பெயரின்றி வெளிவந்தது. 'லசரில்யோ தே தோர்மெஸ்' என்பது அதன் பெயர். சலமாங்காவை அடுத்த ஆற்றோரத்தில் பிறந்த ஏழைச் சிறுவன் ஒருவன் தன் கதையைத் தானே சொல்கிறான். அவன் தொலேதோ நகரில் ஒரு குதிரைவீரக் குடிமகனிடம் வேலைக்குச் சேர்கிறான். அந்த மனிதரிடம் உடைவாளும் மேலங்கியும் உண்டு, உணவு இல்லை; கேட்கவோ மானம் தடுக்கிறது. ஆகவே சிறுவன் தெருவில் இரந்து வந்து எசமானுக்கும் ஊட்டுகிறான். அவ்வாண்டு கோதுமை விளையவில்லை. வெளியூர் ஏழையர் அனைவரும் வெளியேற வேண்டும், மீறுவோர்க்குச் சவுக்கடி என்று நகரம் முரசறைகிறது. அடிபட்டுச் செல்லும் ஏழையரின் வரிசையைக் கண்டு சிறுவன் வீட்டைவிட்டு வெளிவர அஞ்சுகிறான். அண்டை வீட்டில் பஞ்சு நூற்றுத் தொப்பி செய்து பிழைக்கும் பெண்கள் தங்கள் எளிய உணவிலிருந்து பகிர்ந்து அவனைக் காக்கிறார்கள்.

இந்த ஒரே வீட்டில் வழக்கின் இரு தரப்பும் குடியிருப்பதைக் காணலாம். சலமாங்காவில் பிறந்ததால் தொலேதோவில் 'அயலான்' ஆகிவிட்ட சிறுவன் சோத்தோவின் சான்று. கேட்க நாணிப் பட்டினி கிடக்கும் எசமான் ரோப்லெஸின் சான்று. இருவரையும் உண்பித்தவர்களோ சட்டத்தையும் அறியார், இறையியலையும் அறியார். ஆசிரியர் இதனை எந்தக் கருத்தோடு எழுதினார் என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகின்றனர். 1559இல் இந்நூல் தடைசெய்யப்பட்ட நூல்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 1565இல் அரசர் இரண்டாம் பிலிப்பு வெளியிட்ட ஆணை, பங்குக் குருவின் சீட்டோடு இரப்பதை மீண்டும் ஒழுங்குபடுத்தியது. தெருவில் இரத்தலை முற்றாக ஒழிக்கும் சமோராவின் வழி நாட்டின் சட்டமாகவில்லை. அந்த அளவுக்குச் சோத்தோ வென்றார் எனலாம். சீட்டும் சோதனையும் நிலைத்தன. அந்த அளவுக்கு அவர் தோற்றார். நம் மனம் அவர் பக்கமே சாய்கிறது. எனினும் அடைத்த கதவுக்குப் பின்னால் இருப்பவனைப் பற்றி அவர் போதிய அளவு பேசவில்லை என்பதை மறைக்க இயலாது.

அடைத்த கதவுகளைத் தட்டுவதற்கென்றே போர்த்துகீசியரிடம் ஓர் அமைப்பு இருந்தது. அரசி லியோனோர் 1498இல் லிஸ்பன் நகரில் தொடங்கிய 'மிசெரிகோர்தியா' என்னும் இரக்கச் சபை அது. பொதுநிலையினர் கூடி, பதினான்கு இரக்கச் செயல்களையும் தங்கள் விதியாகக் கொண்டு, சிறைப்பட்டோரைக் காணவும் இறந்தோரை அடக்கம் செய்யவும் நாணமுடைய ஏழையர்க்கு மறைவாக உதவவும் முன்வந்தனர். போர்த்துகீசியக் கப்பல்கள் சென்ற இடங்களிலெல்லாம் அச்சபையும் சென்றது. கோவாவுக்கும் கொச்சிக்கும் போலவே மலாக்காவுக்கும் வந்தது.

சலமாங்காவில் இரு நூல்களும் அச்சேறிய அதே 1545ஆம் ஆண்டு செப்டம்பரில், மயிலாப்பூரிலிருந்து புறப்பட்ட பிரான்சிஸ் சவேரியார் மலாக்காவில் வந்திறங்கினார். மருத்துவமனையில் நோயாளிகளுக்குப் பணி செய்து சில மாதங்கள் தங்கி, 1546ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அம்போய்னாவை நோக்கிச் சென்றார். 1537இல் குருப்பட்டம் பெற்ற காலத்தில் வட இத்தாலியில் வீடுவீடாக இரந்துண்டு வாழ்ந்தவர் அவர். அப்படிப்பட்டவர், 1549இல் ஓர்முஸ் துறைமுகத்துக்குச் செல்லவிருந்த காஸ்பர் பார்சேயுசுக்கு எழுதிக் கொடுத்த அறிவுரைகளில், இவ்வழக்கைத் தொடும் ஓர் இடம் உண்டு. முறையற்ற வழியில் பொருள் சேர்த்தவர்கள் மனந்திரும்பி அதனைத் திருப்பித் தர விரும்பும்போது, உரியவர் யாரென்று தெரியவில்லையானால், அப்பணத்தை மிசெரிகோர்தியாச் சபையாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்கிறார். தெருவில் கேட்போர் பலர் குருக்களை ஏமாற்றிவிடுவார்கள். ஊரில் மெய்யான தேவை யாருக்கு என்று அச்சபையார் அறிவார்கள். மேலும் பணம் குருவின் கைவழியே போகாவிட்டால் அவர்மேல் ஐயம் எழவும் இடமில்லை. இரந்துண்டவர் ஒருவர், கேட்பவன் கையில் கொடுக்காதே, அறிந்தவர் கையில் கொடு என்கிறார்.

இங்கே கவனிக்க வேண்டியது, அவர் பேசுவது திருப்பித் தரப்படும் பணத்தைப் பற்றி. கொடுப்பவனுக்கு அது கொடையன்று, கடன். ஏழையிடம் போய்ச் சேரும்போது அதே பணம் ஈகை எனப் பெயர் பெறுகிறது. மலாக்காவில் பிறந்த எரேதியா 1613இல் எழுதிய மலாக்கா விவரணத்தில் மிசெரிகோர்தியாவின் ஆலயம் நகரின் கோயில்களுள் ஒன்றாகக் குறிக்கப்படுகிறது. 1641 ஜனவரியில் மலாக்காக் கோட்டை டச்சுக்காரர் கைக்கு மாறியது. கத்தோலிக்க வழிபாட்டுக்கு நகரில் இடமில்லாது போயிற்று; சபையின் கதவும் அத்தோடு அடைபட்டது.